ஏசிஎல்எஸ் வகுப்பு: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

அவசர சிகிச்சைப் பிரிவிலும் ஐசியூவிலும் வேலை பார்க்கும் டாக்டர்களும் நர்ஸ்களும் திரும்பத் திரும்ப எடுக்கும், இதயம் நின்றவரையும் நிற்கப்போகிறவரையும் காப்பாற்றக் கற்றுத்தரும் பயிற்சி ஏசிஎல்எஸ். பாடத்திட்டம் அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனுடையது. அட்டை இரண்டு ஆண்டு செல்லும், அதற்குள் புதுப்பித்தாக வேண்டும். முதல்முறை எடுப்பவர்களுக்கு வகுப்பறையில் ஏறக்குறைய இரண்டு நாள். புதுப்பிப்பவர்களுக்குச் சுருக்கிய வகுப்பு. இவை போக, பாடத்தைக் கணினியில் முடித்துவிட்டுச் செய்முறைக்கு மட்டும் நேரில் போகும் ஹார்ட்கோட் ஏசிஎல்எஸ் இருக்கிறது. எந்த வழியில் போனாலும் கிடைப்பது ஒரே அட்டை. கைக்கு வருவது மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பாடத்திட்டம் உறுதியானது, அதில் குறை சொல்ல அதிகம் இல்லை. பயிற்சிப் பொம்மையின் மார்பில் உங்கள் கை எத்தனை நிமிடம் இருந்தது, உங்களை டீம் லீடராக நிறுத்தி எத்தனை முறை திருத்தினார்கள் என்ற இரண்டையும் வைத்துத்தான் ஒரு வகுப்பை எடைபோட வேண்டும். சேரும் முன் இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது.

கணினிப் பாடம்

ஹார்ட்கோட்டில் காட்சிகளும் கேள்விகளும் மாறி மாறி வரும். தெரிந்த பகுதியைச் சீக்கிரம் கடக்கலாம், திணறும் பகுதியில் அது நம்மை நிறுத்தி வைக்கும். இரவுப் பணி பார்ப்பவர்கள் துண்டு துண்டாக முடிக்க முடிவது பெரிய வசதி. முடித்ததற்கான சான்றிதழை எடுத்துக்கொண்டுதான் செய்முறைக்குப் போக வேண்டும். இதை மறந்து வாசலில் நிற்பவர்கள் ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறார்கள்.

வகுப்பறைக்குப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சுயதேர்வு உண்டு. ரிதம் (இதயத் துடிப்பின் தாளம்) அடையாளம் காண்பது, மருந்துகள், நடைமுறைப் பயன்பாடு என்று மூன்று பகுதி, தேர்ச்சிக்கு 70 சதவீதம். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம் என்பதுதான் இதன் ஓட்டை. மூன்றாவது முறை எழுதும்போது பலரும் ரிதத்தைப் படிப்பதில்லை, கேள்வியை நினைவில் வைத்துப் பதிலைத் தட்டிவிடுகிறார்கள். மறுநாள் வகுப்பில் இதயத்தின் மின்னோட்டத்தில் இருக்கும் அடைப்பு மோபிட்ஸ் ஒன்றா இரண்டா என்று கேட்டால் விழிக்கிறார்கள். மோபிட்ஸ் இரண்டு திடீரென்று முழு அடைப்பாக மாறக்கூடியது, துடிப்பைக் கூட்டும் அட்ரோபினுக்குப் பெரும்பாலும் மசியாது, மின்சாரத்தால் துடிக்க வைக்கும் பேஸிங்கைத் தயாராக வைக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் பிராடிகார்டியா (துடிப்பு மெதுவாவது) பகுதி முழுவதும் வீண்.

முன்தேர்வுக்குப் பின் 30 ஈசிஜி பட்டைகளைத் தாளில் அச்செடுத்து வரிசை மாறாமல் படித்துப் பாருங்கள்: வேகம் எவ்வளவு, ஒழுங்கா ஒழுங்கற்றதா, பி அலை (இதய மேலறைகளின் மின்னலை) இருக்கிறதா, ஒவ்வொரு பி அலைக்குப் பின்னும் க்யூஆர்எஸ் (கீழறைகளின் மின்னலை) வருகிறதா, க்யூஆர்எஸ் அகலமா குறுகலா. நேர்கோடு தெரிந்தால் ஏசிஸ்டோல் (துடிப்பே இல்லாதது) என்று முடிவுகட்டும் முன் உடலில் ஒட்டிய லீடுகள் கழன்றிருக்கின்றனவா, மானிட்டரில் கெய்ன் (அலையைப் பெரிதாக்கும் அளவு) குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா, வேறு லீடில் மெல்லிய விஎஃப் (இதயம் துடிக்காமல் தாறுமாறாக அதிர்வது) தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கமும் இங்கேயே வர வேண்டும். கணினிப் பாடம் இதைச் சொல்லிக் கொடுக்கும். பழக்கமாக்குவது படிப்பவர் பொறுப்பு.

பொம்மையின் மார்பு

வகுப்பின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். எண்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுதாக மேலே வர வேண்டும், நிறுத்தம் 10 விநாடிக்குள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். எண் தெரிந்தவர் கையில் அது வந்துவிடுவதில்லை.

நல்ல பயிற்றுநர் ஒருவர் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். முகத்தைப் பார்க்க மாட்டார், பொம்மையின் மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் பதிந்திருக்கும் உள்ளங்கை அடியைப் பார்ப்பார். முதல் 40, 50 விநாடி எல்லாம் சரியாகப் போகும். தோள் கைக்கு நேர்மேலே இருக்கும், முழங்கை மடங்காது. ஒன்றரை நிமிடம் நெருங்கும்போது இடுப்பு தளர்ந்து உடல் கொஞ்சம் முன்னால் சாய்கிறது. கை மேலே வருவது போலத்தான் தெரியும், ஆனால் எடை முழுதாக விலகுவதில்லை. பொம்மையோடு இணைந்த திரையில் ஒவ்வொரு அலையும் அடிக்கோட்டைத் தொடாமலே திரும்புகிறது. சாய்ந்து அழுத்துவது என்ற இந்தத் தவறைச் செய்பவரால் உணரவே முடியாது. மார்பு விரியாவிட்டால் உள்ளே அழுத்தம் இறங்காது, இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், அடுத்த அழுத்தத்தில் வெளியே தள்ள ஒன்றும் இருக்காது. வேகம் 120-ஐத் தாண்டும்போதும் இதேதான் நடக்கிறது, கூடவே ஆழமும் குறைகிறது.

இதைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிப்பது பயிற்றுநருக்கும் கடினம். அதனால்தான் 2019 ஜனவரி 31 முதல், பெரியவர்களுக்கான சிபிஆர் (மார்பை அழுத்தி மூச்சு கொடுப்பது) கற்றுத்தரும் வகுப்புகளில் ஆழத்தையும் வேகத்தையும் உடனுக்குடன் காட்டும் கருவி இருந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் விதி வைத்தது. விளக்கு எரிந்தாலும் போதும், திரையில் வரைபடம் வந்தால் இன்னும் நல்லது. கருவியே இல்லாத பொம்மையைத் தரையில் போட்டு "நல்லாத்தான் பண்றீங்க" என்று தட்டிக்கொடுத்து அனுப்பும் இடத்துக்குப் போக வேண்டாம். அது விதிமீறல், கற்பவருக்கும் துரோகம்.

ஒரு எச்சரிக்கை. வகுப்பில் பொம்மை பெரும்பாலும் தரையிலோ மேசையிலோ இருக்கும். நோயாளியோ மெத்தையில் இருப்பார். மெத்தை அமுங்கும்போது கைக்கடியில் வைக்கும் உணர்கருவி அந்த அமுங்கலையும் சேர்த்து ஆழமாகக் கணக்கிடுகிறது. திரை 5 செ.மீ. காட்டும், மார்பு அவ்வளவு இறங்கியிருக்காது. பலகை வைப்பது, காற்று மெத்தையானால் காற்றை இறக்குவது, கட்டிலைத் தாழ்த்துவது, அழுத்துபவருக்குப் படிக்கட்டு ஸ்டூல் போடுவது இவற்றைக் கட்டில் வைத்துக் கற்றுத்தரும் வகுப்பு கிடைத்தால் விடாதீர்கள். பல இடங்களில் இதை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறார்கள்.

அடுத்தது நிறுத்தங்கள். மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் மார்பில் கை இருந்தது என்ற கணக்கு 60-க்குக் கீழே போகக்கூடாது, 80-க்கு மேல் போவதே இலக்கு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் உறைக்கும். பத்து நிமிடக் கோடு ப்ளூவில் (இதயம் நின்றவருக்கான அவசர அழைப்பில்) ரிதம் பார்க்க ஐந்து முறை பத்துப் பத்து விநாடி நிறுத்தினால் 600 விநாடியில் 50 போகும், மீதி ஏறக்குறைய 92 சதவீதம். ஒவ்வொரு நிறுத்தமும் 30 விநாடியானால் 75 சதவீதம். மூச்சுக்குழாயில் டியூப் போட ஒரு 40 விநாடியும் ஷாக் கொடுக்கும் பேட் ஒட்ட ஒரு 20 விநாடியும் கையை எடுத்தால் 65-க்கு வந்துவிடும். யாரும் பெரிய தவறு செய்யவில்லை, எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்தார்கள், அவ்வளவுதான். இந்தக் கணக்கை வகுப்பில் ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதிக் காட்டும் பயிற்றுநர் பொன்னான பயிற்றுநர்.

இதயத் தசைக்குப் போகும் ரத்த அழுத்தம், தொடர்ந்து அழுத்தினால்தான் மெல்ல ஏறும். நிறுத்திய சில விநாடிகளில் விழுந்துவிடும். திரும்ப ஏற்றப் பல அழுத்தங்கள் வேண்டும். ஐசியூவில் கையடக்க அல்ட்ராசவுண்டில் இதயத்தைப் பார்க்கும் வழக்கம் வந்த பிறகு இந்த இழப்பு கூடியிருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் நாடி பார்க்கும் நிறுத்தம் சராசரி 13 விநாடியாக இருந்தது, அல்ட்ராசவுண்ட் வைத்தபோது 21 ஆனது. அழுத்தம் நடக்கும்போதே புரோபை வைத்து இடத்தைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தத்தில் காட்சியைப் பதிவு மட்டும் செய்து, அழுத்தம் தொடங்கிய பிறகு பார்க்க வேண்டும். ஏசிஎல்எஸ் பாடத்தில் இதற்கு அதிக இடம் இல்லை. ஐசியூக்காரர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

காற்று கொடுப்பதிலும் ஒரு வழக்கமான பிழை. டியூப் போட்ட பிறகு ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு 10. பதற்றத்தில் கை காற்றுப் பையை அதன் இஷ்டத்துக்கு அமுக்குகிறது, நிமிடத்துக்கு 25, 30 என்று போய்விடும். பெரியவர்களுக்கான பை ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கொள்ளும், தேவைப்படுவதோ ஏறக்குறைய அரை லிட்டர். மார்பு எழுவது தெரிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அளவுக்கு மீறிய காற்று மார்புக்குள் அழுத்தத்தை ஏற்றி, ரத்தம் திரும்புவதைத் தடுக்கும்.

டிஃபிப்ரிலேட்டர் முன்னால்

இதயத்துக்கு மின் அதிர்ச்சி, அதாவது ஷாக் கொடுக்கும் கருவி இது. இங்கேதான் மையத்துக்கு மையம் தரம் விலகுகிறது. சில இடங்களில் பயிற்சிக்கான போலிப் பெட்டியில் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள், உண்மைக் கருவியைத் தொடவே மாட்டீர்கள். உங்கள் மருத்துவமனையில் இருக்கும் அதே மாடலில் பழகக் கிடைத்தால் அதுவே பாதி வெற்றி.

கற்க வேண்டியது வரிசை. ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும்போது டைமர் பார்ப்பவர் குரல் கொடுக்கிறார். அழுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே கருவி சார்ஜ் ஆகிறது. அடுத்து அழுத்த வேண்டியவர் எதிர்ப்பக்கம் கையை மேலே நிறுத்தித் தயாராக நிற்கிறார். நிறுத்தம், ரிதம் பார்வை, விஎஃப் என்றால் எல்லோரும் விலகியதை உறுதிசெய்து ஷாக், அந்த நொடியிலேயே கை மார்புக்கு. நாடி பார்க்க நிற்பதில்லை. ரிதம் ஷாக்குக்கு உரியதாக இல்லாவிட்டால் சார்ஜை உள்ளேயே வெளியேற்றிவிட்டு அழுத்தத்தைத் தொடர வேண்டும். இப்படிச் செய்தால் நிறுத்தம் ஐந்தாறு விநாடிக்குள் முடிந்துவிடும். ரிதம் பார்த்த பிறகு சார்ஜ் செய்யத் தொடங்குபவர்கள் அந்தக் காத்திருப்பு முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஆற்றல் அளவு, மின்சாரத்தை இரண்டு திசையிலும் செலுத்தும் பைஃபேஸிக் கருவியில் தயாரிப்பாளர் சொன்னபடி, 120 முதல் 200 ஜூல் வரை. அளவு தெரியாவிட்டால் கருவி தரும் அதிகபட்சம். ஒரே திசையில் செலுத்தும் மோனோஃபேஸிக் என்றால் 360.

ஷாக்கைத் துடிப்போடு ஒத்திசைக்கும் சிங்க் பொத்தானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இங்கே இரண்டு திசையிலும் விபத்து நடக்கிறது. நாடியுள்ள விடி (கீழறையில் பிறக்கும் வேகத் துடிப்பு) நோயாளிக்கு சிங்க் போட்டு ஷாக் கொடுக்கிறோம். முதல் ஷாக்குக்குப் பிறகு பல கருவிகள் தாமாகவே சிங்க்கை அணைத்துவிடும். இரண்டாவது ஷாக்குக்கு முன் மறுபடி சிங்க்கை அமுக்கி, ஆர் அலைகளின் (க்யூஆர்எஸ் உச்சிகளின்) மேல் குறி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஷாக் டி அலையில் (துடிப்புக்குப் பின் இதயம் மீளும் நேரத்தில்) விழுந்து விஎஃப்பைக் கிளப்பிவிடலாம். மறுபக்கம், சிங்க் போட்ட நிலையில் நோயாளி விஎஃப்புக்குப் போய்விட்டால் கருவி ஆர் அலையைத் தேடிக்கொண்டே நிற்கும், ஷாக் வராது. "மெஷின் ரிப்பேர்" என்று வேறு கருவிக்கு ஓடுவார்கள். சிங்க்கை அணைத்தால் போதும். அதோடு, சிங்க் ஷாக்கில் பொத்தானைத் தொட்டு விட்டுவிடக்கூடாது, ஷாக் வெளியேறும்வரை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்து பார்க்காமல் டாகிகார்டியா (வேகத் துடிப்பு) பயிற்சி நிலையத்தை முடித்துவிட்டார்கள் என்றால் அது அரைகுறை நிலையம்.

மருந்து

இதயம் நின்றவருக்கு அட்ரினலின் 1 மி.கி., மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. ஷாக்குக்கு அசையாத விஎஃப்புக்கு அமியோடரோன் முதலில் 300 மி.கி., பிறகு 150. இல்லையென்றால் லிடோகெய்ன் கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி., அடுத்து அதில் பாதி. ஒவ்வொரு மருந்துக்குப் பின்னும் 20 மி.லி. சலைன் தள்ளி, கையை 10 முதல் 20 விநாடி உயர்த்திப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து முழங்கையிலேயே தங்கிவிடும்.

பல வகுப்புகளில் மருந்தை வாயால் சொன்னால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இது பெரிய குறை. உண்மையில் தடுமாற்றம் வருவது ஆம்பியூலை உடைப்பதில், எந்தச் செறிவு என்று படிப்பதில், சிரிஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டுவதில். வேகத் துடிப்பை அடக்கும் அடினோசின் இதற்கு நல்ல உதாரணம். 6 மி.கி., பலிக்காவிட்டால் 12 மி.கி. என்று எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். உடலில் அதன் ஆயுள் சில விநாடிதான். புறங்கையில் இருக்கும் சிறிய கானுலாவில் (ரத்தநாளக் குழாயில்) மெதுவாகத் தள்ளினால் இதயத்தை அடையும் முன் கரைந்துபோகும். முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ பெரிய கானுலா, த்ரீவேயில் (மூன்று வழித் திறப்பானில்) ஒரு வாயில் மருந்து, மறுவாயில் 20 மி.லி. சலைன், இரண்டையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் தள்ளுவது. த்ரீவேயின் கைப்பிடி எந்தப் பக்கம் அடைத்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் தள்ளி, மருந்து நோயாளிக்குப் போகாமலே போவதைப் பயிற்சியில் பார்த்துவிடுவது நல்லது. ஈசிஜி பட்டையை ஓடவிட்டுப் பதிவு செய்யவும் மறக்கக்கூடாது, ரிதத்தின் முகம் தெரிவது அந்தச் சில விநாடிகளில்தான்.

பயிற்றுநர் தம் பாடத்தைப் புதுப்பித்திருக்கிறாரா என்று அறிய எளிய கேள்வி ஒன்று உண்டு: பிராடிகார்டியாவுக்கு அட்ரோபின் எவ்வளவு? 2020 நெறிமுறையில் 0.5 மி.கி. என்பது 1 மி.கி. ஆக மாறியது, மொத்தம் 3 மி.கி. வரை. இன்னும் அரை மில்லிகிராம் என்று சொல்லும் ஸ்லைடு திரையில் வந்தால் மற்ற ஸ்லைடுகளின் வயதும் அதேதான்.

மெகாகோடு

தேர்வு நாளில் பதற வைப்பது இந்தப் போலி நோயாளித் தேர்வுதான். ஒரே நோயாளி பிராடிகார்டியாவிலோ டாகிகார்டியாவிலோ தொடங்கி, விஎஃப்புக்குப் போய், பிறகு பிஇஏ (திரையில் ரிதம் இருந்தும் நாடி இல்லாதது) அல்லது ஏசிஸ்டோலாகி, கடைசியில் நாடி திரும்புவார். நீங்கள் டீம் லீடர். அழுத்துபவர், மானிட்டர், ஏர்வே (மூச்சுப்பாதை), மருந்து, நேரம் குறிப்பவர் என்று மற்றவர்களுக்கு இடம் பிரித்துக் கொடுப்பதில் தொடங்குகிறது மதிப்பெண்.

தோற்பவர்கள் பெரும்பாலும் அறிவுக் குறைவால் தோற்பதில்லை. லீடர் தானே கையில் வேலையை எடுத்துக்கொள்வதுதான் முதல் காரணம். டியூப் போடக் குனிந்த லீடருக்கு மானிட்டர் தெரியாது. அடுத்தது, யாரிடம் சொல்கிறோம் என்று சொல்லாமல் காற்றில் ஆணையிடுவது. "அட்ரினலின் குடுங்க" என்றால் இரண்டு பேர் கொடுக்கலாம், யாருமே கொடுக்காமலும் போகலாம். இப்படி இருக்க வேண்டும்:

"சிஸ்டர், அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐவியில குடுங்க."

"அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐவி, சரிங்க டாக்டர்... குடுத்தாச்சு, பத்து நாற்பத்திரண்டு."

"பத்து நாற்பத்திரண்டு, குறிச்சுக்கிட்டேன்" என்று நேரம் குறிப்பவர் மூன்றாவதாகச் சொன்னால் வட்டம் முழுமை. வகுப்பில் செயற்கையாகத் தோன்றும். உண்மைக் கோடு ப்ளூவின் இரைச்சலில் பிழையைப் பிடிப்பது இதுதான்.

அடுத்த சறுக்கல், மானிட்டரில் ஒழுங்கான ரிதம் தெரிந்தவுடன் நிம்மதியடைவது. கழுத்து நாடியைத் தொடாமல் அது பிஇஏவா உயிர்த்துடிப்பா என்று சொல்ல முடியாது. பிஇஏ என்றால் காரணம் தேட வேண்டும்: ரத்தம் அல்லது நீர் இழப்பு, ஆக்சிஜன் குறைவு, ரத்தத்தில் அமிலம், பொட்டாசியம் கூடுதல் குறைவு, உடல் குளிர்ச்சி, டென்ஷன் நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று நெருக்குவது), டாம்போனேட் (இதயத்தைச் சுற்றித் திரவம் நெருக்குவது), நச்சு, நுரையீரலிலோ இதயத்திலோ அடைப்பு. பட்டியலை ஒப்பிப்பதற்கு மதிப்பெண் கொடுக்கும் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். "இந்த நோயாளிக்கு இவற்றில் எது, ஏன்" என்று கேட்பவரிடம் போய்ச் சேருங்கள். டயாலிசிஸ் தவறிய நோயாளிக்கு முதலில் நினைக்க வேண்டியது பொட்டாசியம், கையில் எடுக்க வேண்டியது கால்சியம். பட்டியலின் பயன் இப்படித்தான் வெளிப்படும்.

நாடி திரும்பியதும் கைதட்டி முடித்துவிடும் வகுப்புகளும் உண்டு. ஐசியூக்காரர்களுக்கு வேலை தொடங்குவதே அங்கேதான். ஏர்வே உறுதியா, வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபியில் அலை வருகிறதா, சராசரி ரத்த அழுத்தம் குறைந்தது 65 இருக்கிறதா, 12 லீட் ஈசிஜி எடுத்தாயிற்றா, நினைவு திரும்பாதவருக்கு உடல் வெப்பக் கட்டுப்பாடு யார் பொறுப்பு. குறைந்தது பத்து நிமிடம் இதற்கு ஒதுக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 84 சதவீதம், அதாவது 42 சரியாக இருக்க வேண்டும். கையேட்டைப் பார்த்து எழுதலாம். கையேட்டை ஒருமுறை ஒழுங்காகப் படித்தவருக்கு இதில் பயமில்லை.

ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் நடக்கும் கலந்துரையாடலைத்தான் உண்மையில் காசு கொடுத்து வாங்குகிறோம். நடந்ததைத் திரட்டுவது, ஏன் நடந்தது என்று அலசுவது, அடுத்த சுற்றில் என்ன மாற்றுவது என்று முடிப்பது. பயிற்றுநர் பேசுவதைவிடப் பங்கேற்பவர்கள் அதிகம் பேச வேண்டும். "இரண்டாவது நிமிடத்தில் ஏன் 18 விநாடி நின்றது?" என்று குறிப்பாகக் கேட்டால் டீம் தானாகவே விடையைக் கண்டுபிடிக்கும். "நல்லா பண்ணினீங்க, இன்னும் வேகமா பண்ணணும்" என்பதால் யாருக்கும் எதுவும் மாறாது.

மூன்று மாதத்தில் மறப்பது

ஏசிஎல்எஸ்ஸின் அடிப்படைக் குறை அதன் இடைவெளியில் இருக்கிறது. மார்பு அழுத்தும் திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சரியத் தொடங்கிவிடும் என்பது பலமுறை அளந்து பார்த்த விஷயம். அட்டையோ இரண்டு ஆண்டு. மீதி ஒன்றரை ஆண்டு அட்டை மட்டும்தான் புதிதாக இருக்கிறது.

இதற்கு மாற்றாக அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனும் பயிற்சிப் பொம்மை தயாரிக்கும் லேர்டாலும் சேர்ந்து கொண்டுவந்த திட்டம்தான் ஆர்க்யூஐ. மருத்துவமனைக்குள்ளேயே, பின்னூட்டம் தரும் பொம்மையோடு ஒரு பயிற்சி வண்டி நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணி நேரத்திலேயே போய்ச் சிறிது நேரம் அழுத்தி, காற்று கொடுத்து, திரை சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டு வரலாம். கைத்திறனைக் காப்பாற்ற இதைவிடச் சரியான வழி எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் பொம்மையோடு தனியாக நின்று டீம் லீடராக முடியாது. அதற்கு ஆறு பேர் ஒரே அறையில் இருந்தே ஆக வேண்டும். ஆகவே ஆர்க்யூஐ இருக்கும் மருத்துவமனையும் மாதம் ஒருமுறை வார்டிலேயே பத்து நிமிடப் போலிக் கோடு ப்ளூ நடத்த வேண்டும். அவசர மருந்தும் கருவியும் வைத்திருக்கும் உண்மையான க்ராஷ் கார்ட்டைத் திறந்து செய்யுங்கள். டியூப் போட உதவும் லாரிஞ்சோஸ்கோப்பின் பல்பு எரியாதது, சக்‌ஷன் குழாய் பொருந்தாதது, சிலிண்டர் சாவி காணாமல் போனது, பேட் காலாவதியானது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். முடிந்ததும் கார்ட்டை நிரப்பிப் பூட்டிவிட்டுப் போகும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வையுங்கள்.

ஐசியூவுக்கு இது போதாது

இதயம் நிற்கும் முன் இருக்கும் ஆறு மணி நேரத்தைப் பற்றி ஏசிஎல்எஸ் அதிகம் பேசுவதில்லை. வெண்டிலேட்டர், செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாவது), ரத்த அழுத்தத்தை ஏற்றும் வாசோபிரஸர் மருந்தின் அளவு கூட்டிக் குறைப்பது எல்லாம் அதன் எல்லைக்கு வெளியே. அந்த இடத்தை நிரப்ப இரண்டு வகுப்புகளைச் சொல்லலாம். சொசைட்டி ஆஃப் கிரிட்டிக்கல் கேர் மெடிசின் நடத்தும் எஃப்சிசிஎஸ், ஐசியூ நிபுணர் பக்கத்தில் இல்லாதபோது மோசமான நோயாளியை முதல் 24 மணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கானது. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில் உருவான பேசிக், ஐசியூவில் புதிதாகச் சேர்பவர்களுக்கானது. இரண்டும் இரண்டு நாள் வகுப்பு. எஃப்சிசிஎஸ் பரப்பில் பெரியது, விரிவுரைகள் நீளம். பேசிக்கின் கையேட்டை முன்கூட்டியே படித்துவிட்டு வந்தால்தான் பயன், படிக்காமல் வருபவர் முதல் நாள் மதியமே பின்தங்கிவிடுவார்.

இரண்டிலும் வெண்டிலேட்டர் நிலையத்தைத்தான் அளவுகோலாகக் கொள்ளுங்கள். ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாகப் பழுதான) நோயாளிக்கு டைடல் வால்யூம் (ஒரு மூச்சுக்கான காற்று) கிலோவுக்கு 6 மி.லி. என்று எல்லோரும் சொல்வார்கள். எந்தக் கிலோ? கட்டிலின் தராசு காட்டும் எடை அல்ல, உயரத்திலிருந்து கணக்கிடும் எடை. ஆணுக்கு செ.மீ. உயரத்தில் 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்ட வேண்டும். பெண்ணுக்கு 45.5-ஐக் கூட்ட வேண்டும். 170 செ.மீ. ஆண் என்றால் 66 கிலோ, டைடல் வால்யூம் 396 மி.லி. அவரே 90 கிலோ எடையுள்ளவர் என்பதால் 540 வைத்தால் நுரையீரல் அளவுக்கு மீறி உப்பும். எடை கூடியவருக்கு நுரையீரல் வளர்வதில்லை. டேப்பை எடுத்து உயரத்தை அளக்கச் சொல்லி, பிறகு பிளாட்டோ அழுத்தம் (மூச்சை உள்ளே நிறுத்தியபோது இருக்கும் அழுத்தம்) 30-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வைக்கும் நிலையம் சரியான நிலையம்.

அங்கே இன்னொன்றையும் கேட்டுச் செய்து பாருங்கள். வெண்டிலேட்டரில் இருப்பவருக்குத் திடீரென்று ஆக்சிஜன் இறங்குகிறது, அலாரம் அடிக்கிறது. திரையில் எண்களைத் திருகத் தொடங்குவது தவறு. முதலில் வெண்டிலேட்டரைக் கழற்றிப் பையால் முழு ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். சுலபமாகப் போனால் கோளாறு இயந்திரத்தில். பை கல்லாக இருந்தால் டியூப் அடைப்பு, இடம் மாறிய டியூப், நியூமோதொராக்ஸ் என்று வரிசையாகத் தேட வேண்டும். ஆஸ்துமா நோயாளிக்குக் கழற்றியவுடன் உள்ளே சிக்கிய காற்று நீண்ட மூச்சாக வெளியேறி அழுத்தம் திரும்புவதும் உண்டு, அதற்காகச் சில விநாடி பையை அமுக்காமல் காத்திருக்க வேண்டும்.

விபத்து நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் ஏடிஎல்எஸ். 1976-இல் நெப்ராஸ்காவில் ஒரு எலும்பு அறுவை மருத்துவரின் குடும்பம் விமான விபத்தில் சிக்கி, அவர்களுக்குக் கிடைத்த சிகிச்சை சரியில்லாமல் போனதிலிருந்து பிறந்த வகுப்பு அது. அட்டை நான்கு ஆண்டு செல்லும். அதைத் தனியாகத்தான் மதிப்பிட வேண்டும்.

சேரும் முன் மையத்துக்குத் தொலைபேசியில் கேட்க வேண்டியவை: ஒரு நிலையத்தில் எத்தனை பேர், எத்தனை பயிற்றுநர் (ஆறு பேருக்கு ஒருவர் என்பதைத் தாண்டினால் உங்கள் முறை வராது), பொம்மையில் பின்னூட்டக் கருவி இருக்கிறதா, டிஃபிப்ரிலேட்டர் உண்மையானதா, தேர்வுக்கு முன் நான் எத்தனை முறை லீடராக நிற்பேன். கடைசிக் கேள்விக்கு "ஒருமுறை, தேர்வில்" என்று பதில் வந்தால் வேறு மையம் பாருங்கள். முதல்முறை எடுப்பவர்கள் ஹார்ட்கோட்டைத் தவிர்த்து இரண்டு நாள் வகுப்பறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மாதம் பலமுறை கோடு ப்ளூவுக்கு ஓடுகிறவர்களுக்குப் புதுப்பிக்க ஹார்ட்கோட் தாராளமாகப் போதும். எதுவானாலும் 2025 அக்டோபரில் வெளிவந்த நெறிமுறைப்படி நடத்துகிறார்களா, கையேடும் அந்தப் பதிப்பா என்று கேட்டு உறுதிசெய்துகொண்ட பிறகு பெயரைக் கொடுங்கள்.